நீரிழிவும் நெடுவழியும்

(நமது பங்கின் பொன்விழா ஆண்டையொட்டி நடைபெற்ற மருத்துவ முகாமின் நிறைவு மாலையில் பங்குத்தந்தை ஆற்றிய உரை)



பொன்விழாக் கூட்டமென்றால் பங்கின் வரலாற்றைப் பேசுவதே வழக்கம். அதை என்னைவிட நன்கறிந்த பெரியவர்கள் இம்மலரில் எழுதுகிறார்கள். எனக்கு விழாக் குழுவினர் கொடுத்த பொருள் வேறு. நாற்பது வயதைத் தாண்டிய ஒருவர், சர்க்கரை வியாதியும் உள்ளவர், மராத்தான் தூரத்தையும் விஞ்சிய வழியைத் தம் காலால் கடக்க முடியுமா? முடியுமானால் அதற்கு எப்படி ஆயத்தப்பட வேண்டும்? இதைப் பேச மருத்துவர் அல்லவா வேண்டும் என்று நீங்கள் எண்ணலாம். மருத்துவர்கள் காலையிலேயே பேசிவிட்டார்கள். நான் நோயாளி என்ற முறையில் பேச வந்திருக்கிறேன். 46-ஆம் வயதில் எனக்குச் சர்க்கரை என்று கண்டுபிடித்தார்கள். இப்போது வயது 55. வீடு மந்திரிக்கப் போனால் கேசரி, ஞானஸ்நானத்துக்குப் போனால் கேக், "சாமி, ஒரே ஒரு லட்டு, பிள்ளை மனசு நோகும்" என்ற அன்புக் கட்டளை. இவற்றுக்கு நடுவே சர்க்கரையைக் கட்டுக்குள் வைக்கும் குருக்களின் பாடு உங்களுக்குத் தெரியாததல்ல.

சர்க்கரை வியாதி இன்று யாருக்கும் புதிதன்று. நமது சென்னை நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனத்தாரும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தாரும் சேர்ந்து நாடு முழுதும் நடத்திய ஆய்வு 2023-இல் வெளியாயிற்று. அதன்படி இந்தியாவில் நீரிழிவு உள்ளவர்கள் ஏறத்தாழ 10 கோடியே 10 இலட்சம் பேர்; அதன் வாசற்படியில் நிற்பவர்கள் இன்னும் 13 கோடியே 60 இலட்சம். ஆகவே இம்மண்டபத்தில் என்னோடு சேர்ந்தவர்கள் பலர் இருக்கிறீர்கள். தெரிந்தவர்கள் சிலர், இன்று காலையில்தான் தெரிந்துகொண்டவர்கள் சிலர்.

இனி, தூரத்தைப் பற்றி. மராத்தான் என்பது 42 கிலோமீட்டரும் 195 மீட்டரும். அதற்கு மேற்பட்ட எந்த ஓட்டத்தையும் அல்ட்ரா மராத்தான் என்கிறார்கள். அவற்றுள் பழமையும் பெருமையும் வாய்ந்தது தென்னாப்பிரிக்காவின் கம்ரேட்ஸ் ஓட்டம். டர்பன் நகருக்கும் பீட்டர்மாரிட்ஸ்பர்க் நகருக்கும் இடையே ஏறத்தாழ 90 கிலோமீட்டர். ஆம், காந்தியடிகளை இரயிலிலிருந்து இறக்கிவிட்ட அதே பீட்டர்மாரிட்ஸ்பர்க்தான். முதல் உலகப் போரில் மாண்ட வீரர்களின் நினைவாக 1921 மே மாதம் முதன்முதல் நடந்தது. அன்று புறப்பட்டவர்கள் 34 பேர். இன்று ஆயிரக்கணக்கானோர் ஓடுகிறார்கள். அதே 1921-ஆம் ஆண்டின் கோடையில்தான் கனடா நாட்டின் டொரான்டோ நகரில் பான்டிங், பெஸ்ட் என்ற இருவர் இன்சுலினைப் பிரித்தெடுக்கும் வேலையில் இறங்கினார்கள். 1922 ஜனவரியில் லெனர்ட் தாம்சன் என்ற 14 வயதுச் சிறுவனுக்கு முதல் ஊசி போடப்பட்டது. அதுவரை அப்படிப்பட்ட பிள்ளைகளுக்குப் பட்டினிச் சிகிச்சையைத் தவிர வேறு வழியில்லை. ஒரே ஆண்டில் பிறந்த இவ்விரண்டும், அந்த நெடிய ஓட்டமும் இந்த மருந்தும், ஒரு நாள் ஒரே மனிதரிடத்தில் வந்து கூடும் என்று அப்போது யார் நினைத்திருப்பார்கள்?

கூடிற்று. அமெரிக்காவில் டான் மச்சோ என்பவர் சிறு வயது முதல் இன்சுலின் ஊசியால் வாழ்பவர். ஓட்டத்தை நடுவயதில்தான் தொடங்கினார். 2020 பிப்ரவரியில் கலிபோர்னியாவில் புறப்பட்டு, கொரோனாவால் இடையில் நின்று, மீண்டும் தொடர்ந்து, 2021 ஏப்ரலில் புளோரிடாவில் ஓடி முடித்தார். 4,500 கிலோமீட்டருக்கு மேல். அப்போது அவருக்கு ஏறக்குறைய அறுபது வயது. அத்தனை தூரம் போகவேண்டாம், நம் ஊருக்கே வருவோம். சென்னை மேயராக 2006 முதல் 2011 வரை இருந்தவரும் 2021-இல் மக்கள் நல்வாழ்வுத் துறை அமைச்சர் ஆனவருமான திரு. மா. சுப்பிரமணியன் தமக்கு நீரிழிவு உண்டென்று மேடைகளில் வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார். 2004-இல் சாலை விபத்தொன்றில் அவருடைய முழங்கால் நொறுங்கியது. ஐம்பதைத் தாண்டிய பின் ஓடத் தொடங்கி, நூற்றுக்கும் மேற்பட்ட அரை மராத்தான்களை, அதாவது ஒவ்வொன்றும் 21 கிலோமீட்டர், ஓடி முடித்தார். அரசியலை இங்கே நான் பேசவில்லை. காலைப் பற்றித்தான் பேசுகிறேன்.

கிரிக்கெட் பிரியர்களுக்கு ஒரு வார்த்தை. 1999 ஜனவரியில் சேப்பாக்கத்தில் பாகிஸ்தான் 12 ஓட்டங்களில் வென்றபோது, நம் மக்கள் எழுந்து நின்று கைதட்டியதை உலகமே புகழ்ந்தது. அந்த அணியின் தலைவர் வாசிம் அக்ரம் அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே சர்க்கரை நோயாளி. நம் ஊர் வெயிலிலும் புழுக்கத்திலும் அவர் பந்து வீசியதைக் கண்டவர்கள் இங்கேயும் இருக்கக்கூடும்.

ஆகவே முடியுமா என்ற கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது. எப்படி என்பதே இனிக் கேள்வி. அதை நான் கம்ரேட்ஸ் ஓட்டத்துக்காகக் கேட்கவில்லை. நம்மிடமே ஓர் அல்ட்ரா மராத்தான் இருக்கிறது. ஆண்டுதோறும் ஆகஸ்டு மாதத்தில் நம் பங்கிலிருந்தும் சுற்றுப்பங்குகளிலிருந்தும் காவி உடுத்தி வேளாங்கண்ணிக்கு நடக்கிறார்கள். பெசன்ட் நகரிலிருந்து மாமல்லபுரம், மரக்காணம், புதுச்சேரி, கடலூர், சிதம்பரம், சீர்காழி, காரைக்கால், நாகப்பட்டினம் என்று 300 கிலோமீட்டருக்கு மேல். எட்டு, ஒன்பது நாட்களில் முடிப்பவர்கள் நாளொன்றுக்கு ஏறக்குறைய ஒரு மராத்தான் நடக்கிறார்கள். முதல் நாள் பெசன்ட் நகரிலிருந்து மாமல்லபுரம் சேர்ந்தாலே ஏறத்தாழ 50 கிலோமீட்டர். அங்கேயே மராத்தானைக் கடந்தாயிற்று. ஆனால் 90 கிலோமீட்டர் ஓடப்போகும் தென்னாப்பிரிக்கர் அதற்கென்று மாதக்கணக்கில் பயிற்சி செய்கிறார். 300 கிலோமீட்டர் நடக்கப்போகும் நம் மைலாப்பூர்க்காரர் புறப்படும் நாளுக்கு முந்தின இரவு வரை கடையில் உட்கார்ந்து கணக்கு எழுதுகிறார். ஆண்டு முழுதும் நாற்காலி, எட்டு நாள் தார்ச்சாலை. இளைஞனுக்கு இது வலியோடு போய்விடும். நீரிழிவு உள்ள ஐம்பது வயதுக்காரருக்கு அப்படிப் போகாது.

ஏன் போகாது என்பதைக் கொஞ்சம் விவரமாகச் சொல்லவேண்டும். சாதாரணமாக இரத்தத்தில் உள்ள சர்க்கரை தசைக்குள் நுழைய இன்சுலின் கதவைத் திறக்கவேண்டும். நம்மிடத்தில் அந்தப் பூட்டு துருப்பிடித்திருக்கிறது. ஆனால் தசை வேலை செய்யும்போது, இன்சுலின் உதவி இல்லாமலே சர்க்கரையை உள்ளே இழுத்துக்கொள்ள அதற்கு இன்னொரு வழி உண்டு. நடைக்கு இத்தனை மகத்துவம் வந்தது அதனால்தான். நம் நகரில் மருத்துவர் இராமச்சந்திரனும் அவர் குழுவினரும் நீரிழிவின் வாசலில் நின்ற 531 பேரைக் கொண்டு நடத்தி 2006-இல் வெளியிட்ட ஆய்வு உலகப் புகழ் பெற்றது. நடையும் உணவுக் கட்டுப்பாடும் மேற்கொண்டவர்களுக்கு, ஒன்றும் செய்யாதவர்களைவிட, நீரிழிவு வரும் ஆபத்து 28 விழுக்காடு குறைந்தது. மாத்திரை மட்டும் தின்றவர்களுக்கும் ஏறக்குறைய அதே அளவுதான் குறைந்தது. அவர்களுக்குச் சொன்ன நடை, நாளுக்கு அரைமணி நேரம்.

அரைமணி நேர நடை வேறு. எட்டு மணி நேர நடை வேறு. கல்லீரலில் ஏறத்தாழ 100 கிராம் சர்க்கரைதான் சேமிப்பில் இருக்கும். தசைகளில் அதைப்போல் நாலு மடங்கு. அது கரைந்தால்? பாஸ்டன் நகர மராத்தானில் 1924-இல் ஓடி முடித்தவர்களின் இரத்தத்தை மருத்துவர்கள் சோதித்தார்கள். தள்ளாடி விழும் நிலையில் வந்தவர்களுக்குச் சர்க்கரை மிகவும் இறங்கியிருந்தது. மறு ஆண்டு வழியில் மிட்டாய் தின்னச் சொன்னார்கள்; தள்ளாட்டம் போயிற்று. அவர்கள் நோயில்லாதவர்கள் என்பதைக் கவனியுங்கள். இலண்டனில் ஆர். டி. லாரன்ஸ் என்ற மருத்துவர், தாமே நீரிழிவுக்காரர், இன்சுலின் வந்ததால் உயிர் பிழைத்தவர், உடலுழைப்பு இன்சுலினின் வேகத்தை அதிகப்படுத்துகிறது என்று 1926-இல் காட்டினார். ஊசி போட்டுக்கொண்டு மணிக்கணக்காக நடந்தால், அதே அளவு மருந்து இரட்டிப்பு வேலை செய்வதுபோல் ஆகிவிடும். ஆண்டு முழுதும் சர்க்கரை ஏறுமே என்று பயந்தவருக்கு, சாலையில் இறங்குமே என்ற பயம்தான் வேண்டும்.

சர்க்கரை 70-க்குக் கீழே போனால் கை நடுங்கும், குளிர்ந்த வியர்வை கொட்டும், பசி எடுக்கும், காரணமில்லாமல் கோபம் வரும், பேச்சு குழறும், வழி மறக்கும். ஆகஸ்டு வெயிலில் யாருக்குத்தான் வியர்க்காது? ஆகவே கூட நடப்பவருக்கே தெரியாது. தள்ளாடுகிறவரைப் பார்த்து, குடித்திருக்கிறார் என்று ஒதுங்கிப்போவார்கள். காவி உடுத்தியவர் இப்படிச் செய்யலாமா என்று திட்டுவாரும் உண்டு. அந்த நேரத்தில் செய்யவேண்டியது, மூன்று நான்கு தேக்கரண்டி குளுக்கோஸ் தூளை நீரில் கரைத்துக் குடிக்கவைத்து, உட்காரவைத்து, கால்மணி நேரம் கழித்து மீண்டும் சோதிப்பது. ஏறவில்லையென்றால் மறுபடியும் அதே அளவு. நினைவிழந்தவர் வாயில் மட்டும் எதையும் ஊற்றக்கூடாது, மருத்துவமனைக்குத் தூக்குங்கள். சாக்லேட் கொடுக்காதீர்கள், அதிலுள்ள கொழுப்பு சர்க்கரையைத் தாமதப்படுத்தும். இன்னொன்று, ஆபத்து நடை முடிந்ததோடு தீர்ந்துவிடாது. தசைகள் காலியான களஞ்சியத்தை இரவெல்லாம் நிரப்பிக்கொள்ளும். களைத்து உறங்கும்போது விடியற்காலை இரண்டு மூன்று மணிக்குச் சர்க்கரை இறங்கக்கூடும். பந்தலில் பக்கத்தில் படுப்பவருக்கு இது தெரிந்திருக்கவேண்டும்.

மருந்து விஷயத்தில் நான் சொல்லக்கூடியது கொஞ்சம்தான். மெட்ஃபார்மின் மட்டும் சாப்பிடுகிறவருக்கு இப்படி இறங்குவது அரிது. இன்சுலின், கிளிமெபிரைடு, கிளிபென்கிளமைடு இவற்றில் இருப்பவர்களுக்கே அச்சம் அதிகம். டபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் போன்ற புது மாத்திரைகள் சர்க்கரையைச் சிறுநீரில் கழித்துவிடுபவை. சரியாக உண்ணாமல், நீர் வற்றி, நாட்கணக்கில் நடக்கும்போது, சர்க்கரை அளவு நல்லபடியாகத் தோன்றினாலும் இரத்தத்தில் அமிலம் கூடிவிடலாம். ஆகவே இந்த மாத்திரைப் பெயர்களை எழுதிக்கொண்டு, "இத்தனை நாள், இத்தனை கிலோமீட்டர் நடக்கப்போகிறேன்" என்று உங்கள் மருத்துவரிடம் சொல்லுங்கள். எதைக் குறைப்பது, எதை நிறுத்துவது என்று அவர் சொல்வார். யாத்திரை போவதால் மருந்தே வேண்டாம், மாதா பார்த்துக்கொள்வாள் என்று சொல்பவர்களையும் சந்தித்திருக்கிறேன். மருத்துவரையும் மாதாதான் அனுப்புகிறாள் என்பது என் பதில்.

பயிற்சியைப் பற்றிக் கேட்கிறீர்கள். என்னுடையதைச் சொல்கிறேன், நீங்கள் உங்களுக்கேற்ப மாற்றிக்கொள்ளுங்கள். ஓட்டக்காரர்கள் சனியும் ஞாயிறும் தொடர்ந்து இரண்டு நாள் நீண்ட தூரம் போவார்கள். முதல் நாள் களைப்போடு மறுநாளும் எழுந்து நடக்கக் கால்களுக்குக் கற்பிப்பதே நோக்கம். குருவானவருக்கு ஞாயிறு முடியுமா? எனக்குத் திங்களும் செவ்வாயும். விடியற்காலை மூன்றே முக்காலுக்குப் புறப்பட்டால் திருப்பலிக்குத் திரும்பிவிடலாம். கலங்கரை விளக்கத்திலிருந்து நேப்பியர் பாலம் வரை ஏறக்குறைய 3 கிலோமீட்டர். தொடக்கத்தில் போகவர அதுவே போதும். பிறகு சாந்தோம், பட்டினப்பாக்கம், திரு. வி. க. பாலம், அடையாறு வழியே பெசன்ட் நகர். வாரத்துக்குப் பத்தில் ஒரு பங்குக்கு மேல் தூரத்தைக் கூட்டுவதில்லை. நான்காவது வாரம் குறைத்துக்கொள்கிறேன். நம் ஊரில் மேடு கிடையாது. அதற்குப் பரங்கிமலைப் படிகள் இருக்கின்றன, 130-க்கும் மேல். மூன்று முறை ஏறி இறங்கினால் தொடைக்குப் புத்தி வரும். தி. நகர்க்காரர்களுக்கு நடேசன் பூங்காவும் ஜீவா பூங்காவும், மைலாப்பூருக்கு நாகேசுவர ராவ் பூங்காவும் உண்டு. ஆனால் பூங்காவில் சுற்றிச்சுற்றி நடந்தவரின் பாதம் தார்ச்சாலைக்குப் பழகாது. மாதம் ஒருமுறையாவது சாலையில் நடங்கள். 2023 நவம்பரில் அரசு 'நடப்போம் நலம் பெறுவோம்' என்று மாவட்டந்தோறும் எட்டுக் கிலோமீட்டர் நடைபாதை வகுத்தபோது, சென்னைக்கு அது நம் பெசன்ட் நகர்ப் பக்கமே அமைந்தது. முதல் இரண்டு மாதத்துக்கு அதுவே நல்ல அளவு.

நடக்கும்போது எண்களை எழுதி வைக்கிறேன். புறப்படுமுன், ஒவ்வொரு மணி நேரத்துக்கும், முடிந்ததும், படுக்குமுன். இரண்டு வாரம் கையில் ஒட்டிக்கொள்ளும் உணர்வான்களும் இப்போது கிடைக்கின்றன, விலை அதிகம். விரல் குத்தினாலே போதும். இதில் சில புதிர்களும் உண்டு. ஒன்றும் சாப்பிடாமல் எழுந்தாலே காலையில் 150 காட்டும். உடம்பு விழித்தெழக் கல்லீரல் சர்க்கரையை ஊற்றுகிறது. படிகளில் வேகமாக ஏறினால் இறங்கவேண்டிய எண் ஏறும். அட்ரினலின் செய்யும் வேலை அது. மெதுவாக ஒரு மணி நேரம் நடந்தால் இறங்கத் தொடங்கும். எனக்கு எட்டாவது கிலோமீட்டரில் ஒரு வாழைப்பழம் வேண்டும். உங்களுக்கு எத்தனையாவது என்று உங்கள் நோட்டுப் புத்தகம்தான் சொல்லும். குருமடத்தில் தினமும் ஆன்மசோதனை செய்யப் பழக்கினார்கள். அதைப்போலவே இதுவும், சலிப்பூட்டும், ஆனால் தன்னைத் தனக்குக் காட்டும்.

புறப்படுமுன் கண், இருதயம், சிறுநீரகம் மூன்றையும் பார்த்துவிடுங்கள். நீரிழிவுக்காரருக்கு நெஞ்சுவலியே இல்லாமல் மாரடைப்பு வரலாம். கண்ணில் புதிய இரத்தக்குழாய் முளைத்தவர்கள் மூச்சைப் பிடித்து ஏறக்கூடாது. இவ்வளவு போதும், இனிப் பாதத்துக்கு வருகிறேன். எனக்கு நேரமில்லையென்றால் மற்றதையெல்லாம் விட்டுவிட்டு இதை மட்டுமே பேசியிருப்பேன்.

டாக்டர் பால் பிராண்ட் என்ற பெயரை மூத்தவர்கள் கேட்டிருப்பீர்கள். மிஷனரிப் பெற்றோருக்குக் கொல்லிமலையில் 1914-இல் பிறந்தவர். 1946-இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்து தொழுநோயாளருக்கு அறுவை மருத்துவம் செய்தார். தொழுநோய் விரலைத் தின்கிறது என்றே அன்று எல்லோரும் நம்பினார்கள். பிராண்ட் நம்பவில்லை. அவருடைய நோயாளிகள் சிலருக்கு இரவில் விரல் குறைந்துபோயிற்று. காத்திருந்து பார்த்தபோது, எலி கடித்துத் தின்றிருந்தது. உறங்கியவனுக்கு வலி தெரியவில்லை. அன்று முதல் ஒவ்வொருவரும் வீட்டுக்கு ஒரு பூனையைக் கொண்டுபோகவேண்டும் என்று விதித்தார். கிருமியல்ல, வலி தெரியாமையே கையையும் காலையும் அழிக்கிறது என்ற உண்மை அப்படி நிலைநாட்டப்பட்டது. 1966-இல் அமெரிக்காவின் கார்வில் மருத்துவமனைக்குப் போனவர், அங்கே நீரிழிவு நோயாளரின் பாதத்திலும் அதே கதையைக் கண்டார். ஆணி குத்துவதோ கல் வெட்டுவதோ மட்டும் காரணமல்ல. சிறிய அழுத்தம், அதே இடத்தில், ஆயிரம் ஆயிரம் முறை விழுந்தால் உள்ளே தசை கொதித்துச் சிதையும். மற்றவர்கள் வலி பொறுக்காமல் அறியாமலே நடையை மாற்றிக்கொள்வார்கள், நொண்டுவார்கள், நிற்பார்கள். மரத்த பாதம் நொண்டாது. அதனால்தான் புண்ணாகிறது. வலியை ஒரு கொடை என்றே அவர் வாழ்நாளெல்லாம் பேசினார்.

40 கிலோமீட்டர் நடப்பதென்றால் ஏறத்தாழ ஐம்பதாயிரம் காலடிகள். அப்படி எட்டு நாள். எனக்குத் தெரிந்த ஒருவர், வேறொரு பங்கைச் சேர்ந்த ஆட்டோ ஓட்டுநர், வெறுங்காலோடு நடந்தார். கடலூரில் கொப்புளம் கிளம்பியிருக்கவேண்டும். அவருக்குத் தெரியாது. "என் காலுக்கு வலியே வரவில்லை, மாதா புதுமை செய்தாள்" என்று வேளாங்கண்ணியில் எல்லோரிடமும் சொன்னாராம். ஊர் திரும்பிக் காலைக் கழுவியபோது அவர் மனைவிதான் கருமையைப் பார்த்தார். பெருவிரலும் அடுத்ததும் போயின. ஆறு மாதம் ஆட்டோ ஓடவில்லை. அந்தக் குடும்பம் பட்ட கடனை நான் அறிவேன்.

ஆகையால் வெறுங்கால் நேர்ச்சை செய்துகொண்டவர்களுக்கு இதை வெளிப்படையாகச் சொல்கிறேன். நேர்ச்சையை மீறினால் பாவம் என்று பயந்து, மரத்த காலோடு சாலையில் இறங்காதீர்கள். 1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பில் இதற்கு வழி இருக்கிறது. தனி நேர்ச்சையை அதற்கு ஒப்பானதாகவோ அதனினும் மேலானதாகவோ மாற்றிக்கொள்ள, நேர்ந்துகொண்டவருக்கே உரிமை உண்டு. அதிலிருந்து விடுவிக்கவும், இலேசான வேறொன்றாக மாற்றவும் பங்குக் குருவுக்கு அதிகாரம் உண்டு. என்னிடம் வாருங்கள். செருப்பு அணிந்து நடப்பதென்றும், வெறுங்காலுக்கு ஈடாக ஓர் ஏழை நோயாளிக்குச் செருப்பு வாங்கிக் கொடுப்பதென்றும் மாற்றித் தருகிறேன். அறை வாசலில் ஐந்து நிமிட வேலை.

பாதம் மரத்திருக்கிறதா என்று அறிய, மீன்பிடி நரம்பு போன்ற ஒரு நைலான் இழையால் உள்ளங்காலைத் தொட்டுப் பார்க்கிறார்கள். கண்ணை மூடிக்கொண்டு, தொட்டது தெரிகிறதா என்று சொல்லவேண்டும். காசு செலவில்லாத சோதனை. மரத்தவர்கள் எம்.சி.ஆர். செருப்பு வாங்குங்கள், தொழுநோயாளருக்காக வந்த அந்த மெத்தென்ற ரப்பர், இன்று நீரிழிவுக்காரருக்கும் உதவுகிறது. உணர்ச்சி குன்றாதவர்கள் ஷூ வாங்குவதானால் மாலையில், கால் சற்று வீங்கியிருக்கும் நேரத்தில் வாங்குங்கள்; கட்டைவிரலுக்கு முன்னால் அரை அங்குலம் இடம் இருக்கட்டும். தையல் உறுத்தாத காலுறை நாலு ஜோடி, ரங்கநாதன் தெருவில் கிடைக்காததா? வெள்ளை நிறமாக வாங்கினால் இரத்தக் கறையோ சீழோ உடனே தெரியும். ஒவ்வொரு தங்கலிலும் காலுறையைக் கழற்றி, கைக்கண்ணாடி வைத்து உள்ளங்காலைப் பாருங்கள். புறங்கையால் தடவிப் பாருங்கள். ஓரிடம் மற்ற இடத்தைவிடச் சூடாக இருந்தால் அங்கே உள்ளே ஏதோ தொடங்கிவிட்டது, அன்றைய நடை அதோடு முடிந்தது. தேங்காயெண்ணெய் தடவலாம், விரலிடுக்கில் வேண்டாம். வெந்நீரில் கால் ஊறவைக்கும் நம் பாட்டி வைத்தியம் மரத்த காலுக்கு ஆகாது. கொதிக்கும் நீரும் அதற்குத் தெரியாது.

உணவைப் பற்றி ஓரிரு வார்த்தை. வழியெங்கும் அன்பர்கள் பந்தல் போட்டு எலுமிச்சைச் சாதமும் கேசரியும் கலர் சர்பத்தும் தருகிறார்கள். அவர்கள் தருமத்தைக் குறைசொல்ல வாய் வராது. நமக்கு மோரும், வேர்க்கடலையும், சுண்டலும், கேழ்வரகுக் கூழும் ஏற்றவை. சர்பத்தை வேண்டாமென்று சொன்ன கையே, சர்க்கரை இறங்கும்போது அதை வாங்கிக் குடிக்கவும் தெரிந்திருக்கவேண்டும். இன்சுலின் வைத்திருப்பவர்கள், ஈரமணல் இட்ட சிறு மண்கலயத்தில் மருந்தை வைத்துத் துணை வண்டியில் அனுப்புங்கள். ஊசியைத் தொடையில் போடாமல் வயிற்றில் போடுங்கள். நடக்கும் தொடை மருந்தை வேகமாக உறிஞ்சிவிடும். நற்கருணைக்கு முந்திய ஒரு மணி நேர உபவாசத்தைப் பற்றிச் சில தாய்மார் கேட்டார்கள். தண்ணீரும் மருந்தும் அதை முறிப்பதில்லை. நோயாளருக்கும் வயதானவருக்கும் அந்த விதியே இல்லை. பூசை நடுவில் கை நடுங்கினால் மிட்டாயை வாயில் போட்டுக்கொள்ளுங்கள். பீடத்திலிருந்து நான் பார்த்தாலும் ஒன்றும் சொல்லமாட்டேன். என் அங்கிப் பையிலும் இரண்டு இருக்கின்றன.

இந்த ஆண்டுத் திருவிழாக் கொடி இறங்கிவிட்டது. அடுத்த கொடியேற்றம் ஆகஸ்டு 29-இல். பதினொரு மாதம் இருக்கிறது. நீரிழிவு உள்ளவர்கள், நாற்பதுக்கு மேற்பட்டவர்கள், அடுத்த ஆண்டு நடக்க விரும்பினால் இன்றே பெயர் கொடுங்கள். வரும் திங்கள் விடியற்காலை நான்கு மணிக்குக் கலங்கரை விளக்கத்தருகே கூடுவோம். முதல் வாரம் மூன்று கிலோமீட்டர்தான், போட்டி ஒன்றுமில்லை. பிப்ரவரியில் இருபது, தவக்காலத்தில் முப்பது, ஜூலைக்குள் ஒருமுறை மாமல்லபுரம் வரை. அந்த ஐம்பதை நல்ல பாதத்தோடு முடித்தவர்களுக்கே வேளாங்கண்ணிக்கு என் கையால் காவித்துணி. முடியாதவர்கள் துணை வண்டியில் வரலாம். கஞ்சி காய்ச்சவும் கண்ணாடி பிடித்துப் பாதம் பார்க்கவும் ஆள் வேண்டியிருக்கிறது. வரும்போது சோதனைக் கருவி, குளுக்கோஸ் பொட்டலம், உங்கள் பெயரும் மருந்தின் பெயரும் வீட்டுத் தொலைபேசி எண்ணும் எழுதிய அட்டை, இவை மூன்றும் சட்டைப் பையில் இருக்கட்டும். நைலான் இழைச் சோதனை செய்யத் தாதியர் இருவர் இன்னும் அரைமணி நேரம் மண்டபத்தின் வலப்பக்கத்தில் இருப்பார்கள். ஆண்கள் ஒரு வரிசை, பெண்கள் ஒரு வரிசை. செருப்பைக் கழற்றிவிட்டுப் போங்கள்.